யூஃபோரியா மாதிரி இல்லாம, நிஜ ஸ்கூல் பசங்க கஷ்டத்த காட்டுற டீன் சீரிஸ் ஏதாச்சும் இருக்குங்களா?

சிங்காநல்லூர்_சித்தி கேட்டது:

வணக்கம் மக்களே. அக்கா பொண்ணு இப்ப பதினொன்னாவது படிக்கறா. லீவுக்கு எங்க வீட்டுக்கு வந்தவ நாள் பூரா காதுல ஹெட்ஃபோன மாட்டிட்டு மூலைல உக்காந்திருந்தா, என்னடி பாக்கறனு கேட்டா யூஃபோரியாங்கறா. சரி தள்ளி உக்காருடி நானும் பாக்கறேன்னு உக்காந்தேன், முதல் எபிசோட்லயே எனக்கு தூக்கி வாரிப் போட்டுருச்சுங்க. நான் ஒன்னும் பழைய பஞ்சாங்கம் கெடையாது, போதை, செக்ஸ், வீட்டுச் சண்டை, டிப்ரஷன் இதெல்லாம் பசங்க வாழ்க்கைல இல்லவே இல்லனு சொல்ல மாட்டேன். ஆனா அதுல வர்ற எவளுக்கும் மூஞ்சில ஒரு பரு கூட இல்லைங்க, கண்ணுக்குக் கீழ மினுமினுப்ப அப்பிட்டு பாடம் படிக்கப் போறாளுக, எல்லா ரூமுலயும் ஊதா கலர் லைட்டு, ஒரு பையன் கூட ஹோம்வொர்க் எழுதி நான் பாக்கல.

இவள பாக்காதனு சொன்னா கேக்க மாட்டா, ஒளிச்சு வெச்சு பாப்பா. அதனால ஃபோன புடுங்குங்கங்கற அட்வைஸோட யாரும் வர வேணாம், அது எங்க அக்காவே தினமும் குடுக்கறா. எனக்கு வேண்டியது பிரச்சனைல மாட்டிக்கிட்ட ஸ்கூல் பசங்க கதை, ஆனா அவங்க பாக்க பசங்க மாதிரியே இருக்கோணும், அட்வைஸ் மழையா இருக்கக் கூடாது, நானும் அவளும் ஒரே சோபால உக்காந்து நெளியாம பாக்கற மாதிரி இருந்தா நல்லது. ரிவர்டேல் போட்டுப் பாத்தோம், ஆர்ச்சி காமிக்ஸ் படிச்சு வளந்த எனக்கு அது செட்டே ஆகல. பழைய பெவர்லி ஹில்ஸ் 90210 தேடுனா அதுல ஆண்ட்ரியாங்கற ஸ்கூல் பொண்ணா நடிச்சவங்களுக்கு ஆரம்பிக்கறப்பவே 29 வயசாம். 29 வயசுல எனக்கு ரெண்டாவது கொழந்தை பொறந்தாச்சுங்க.

நைட்ஷிப்ட்_நாகு:

ஸ்க்விட் கேம் பாருங்க, எல்லாரும் ஒழுங்கா யூனிஃபார்ம் போட்டிருப்பாங்க 😂

லேபிரிந்த்_வெறியன்:

அக்கா கோச்சுக்காதீங்க, ஆனா யூஃபோரியாவ மினுமினுப்புனு மட்டும் சொல்லி ஒதுக்குறது கொஞ்சம் அநியாயம். பதினாறு வயசு பொண்ணுக்கு குடுக்கலாமானு கேட்டா நானும் வேணாம்னுதான் சொல்வேன், ஹீரோயின் ரூவா நடிச்ச ஜெண்டயாவே ரெண்டு சீசன் வர்றதுக்கு முன்னாடியும் இது பெரியவங்களுக்கான ஷோ, மனசு தாங்காதுனு தோணுச்சுனா பாக்காதீங்கனு இன்ஸ்டால போட்டாங்க. ஆனா அந்த ஊதா லைட்டு, மினுமினுப்பு எல்லாம் ரூவோட கண்ணு வழியா, அதுவும் போதைல இருக்கற கண்ணு வழியா வர்றது. கதை சொல்றதே அவதான, அவ சொல்றத முழுசா நம்ப முடியாதுனு அவளே சொல்லுவா. இத எழுதி எடுத்த சாம் லெவின்சன் டீன் வயசுல போதைல கெடந்து மீண்டு வந்த ஆளு, 2012ல வந்த ஒரு இஸ்ரேல் சீரியல எடுத்துக்கிட்டு அதுக்குள்ள தன்னோட அனுபவத்த போட்டாரு.

நீங்க ரெண்டாவது சீசன் அஞ்சாவது எபிசோட் மட்டும் தனியா பாருங்க. ரூ கடனுக்கு வாங்கி வெச்சிருந்த மாத்திரைப் பெட்டிய அவங்கம்மா காலி பண்ணிடறாங்க, அது தெரிஞ்சதும் அவ கதவ உடைக்கிறா, அம்மாவ தங்கச்சிய எல்லாம் வாய்க்கு வந்தபடி பேசறா, ஹாஸ்பிடல் போற வழில கார்லருந்து எறங்கி ஓடறா, அப்புறம் ராத்திரி பூரா ஓட்டம்தான், ஃபிரண்டு வீட்ல போய் திருடப் பாக்குறா, போலீஸ் தொரத்துது, வித்ட்ராயல்ல ஒடம்பு நடுங்குது. அந்த எபிசோட்ல எங்க அக்கா மினுமினுப்பு? போதைனா ஜாலினு நெனைக்கிற யாருக்கும் அத போட்டுக் காட்டலாம். ஜெண்டயாவுக்கு 2020ல முதல் எம்மி அவார்டு, அப்ப 24 வயசு, டிராமா ஹீரோயின் பிரிவுல அதுவரைக்கும் வாங்குனவங்கள்லயே சின்னவங்க, 2022ல ரெண்டாவது தடவ அதே ரோலுக்கு. சும்மா குடுக்கல.

அப்புறம் 2020 டிசம்பர்ல கோவிட் நேரத்துல ஒரு ஸ்பெஷல் எபிசோட் விட்டாங்க, கிறிஸ்துமஸுக்கு மொத நாள் ராத்திரி ஒரு டைனர்ல ரூவும் அலிங்கற பெரியவரும் உக்காந்து பேசறது, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அவ்ளோதான் கதை. அவரு போதைலருந்து வெளிய வந்தவரு, கோல்மன் டொமிங்கோ நடிச்சிருப்பாரு. நீங்க கேட்ட "சோபால நெளியாம பாக்கறது" அந்த ஒரு எபிசோடுக்கு பொருந்தும்னு நெனைக்கிறேன், கெட்ட வார்த்தை மட்டும் வரும்.

ஒன்னு மட்டும் ஒத்துக்கறேன், இந்த ஷோ மேல எனக்கும் ஒரு கனம் இருக்கு. போதை விக்கற ஃபெஸ்கோவா வந்த ஆங்கஸ் கிளவுட் 2023 ஜூலைல 25 வயசுல ஓவர்டோஸ்ல போயிட்டாரு. அதுக்கப்புறம் ஃபெஸ்கோ கடைல உக்காந்து பேசற சீன்லாம் பழைய மாதிரி பாக்க முடியல.

ஸ்காபரோ_சுகந்தி:

தங்கச்சி, நீங்கள் கேக்கிறது அச்சொட்டா டெக்ராஸி எண்ட கனடா நாடகம். ஒருத்தரும் இன்னும் சொல்லேல்ல எண்டு பாக்க ஆச்சரியமாக் கிடக்கு. நான் இஞ்ச ரொறன்ரோவில ஸ்காபரோவில வளந்தனான், எங்கட வயசுப் பிள்ளையள் முக்கால்வாசி இதைப் பாத்துத்தான் வெள்ளைக்காரப் பிள்ளையளின்ர வீட்டுக்குள்ள என்ன நடக்குது எண்டு அறிஞ்சது. அம்மா அப்பா ரெண்டு வேலை, பின்னேரம் வீட்ட ஆளில்லை, ரீவிதான் துணை.

லிண்டா ஸ்கைலர் எண்டு ரொறன்ரோவில படிப்பிச்சுக்கொண்டிருந்த ஒரு ரீச்சர், அவவும் கிட் ஹூட் எண்டவரும் சேந்து 1979ல டி கிராஸி ஸ்ட்ரீட்டில இருந்த பிள்ளையளின்ர கதை எண்டு சின்னச் சின்னப் படமா எடுக்கத் துவங்கினவை. அந்தத் தெரு இப்பவும் கிடக்கு, போய்ப் பாத்தா ஏமாந்து போவீங்கள், சும்மா வீடுகள்தான். பிறகு 1987ல சிபிசி சேனலில டெக்ராஸி ஜூனியர் ஹை, 89ல டெக்ராஸி ஹை, 2001ல சிரிவி சேனலில டெக்ராஸி த நெக்ஸ்ட் ஜெனரேஷன். உந்தக் கடைசி மட்டும் 14 சீசன், 385 எபிசோட். அதுக்குப் பிறகும் 2016ல நெக்ஸ்ட் கிளாஸ் எண்டு நாலு சீசன் வந்தது. பயப்பிடாதேங்கோ, எல்லாத்தையும் பாக்கச் சொல்லேல்ல.

இதில பதினாலு வயசுப் பிள்ளையா வாறது உண்மையாவே அந்த வயசுப் பிள்ளைதான், ஒண்டு ரெண்டு கூடக் குறைய இருக்கும். முகத்தில பரு இருக்கும், சீசனுக்குச் சீசன் வளருவினம், பெடியங்களுக்கு இடையில குரல் உடையும். ராப் பாடுற ட்ரேக் இருக்கிறாரெல்லோ, அவர் ஆப்ரி கிரஹாம் எண்ட பேரில இதிலதான் பள்ளிக்கூடப் பெடியனா நடிச்சவர், ஜிம்மி எண்டு பாஸ்கட்பால் விளையாடுற பிள்ளை.

எனக்கு இந்த நாடகத்தில பெரிசாப் படுறது வேற. மற்ற நாடகங்களில ஒரு பிள்ளைக்குப் பிரச்சினை வரும், நாலு எபிசோட்டில அழுது முடியும், அடுத்த சீசன்ல அது நடந்ததையே மறந்திடுவினம். இவை மறக்க விடமாட்டினம். 87ல ஸ்பைக் எண்ட பதினாலு வயசுப் பெட்டை ஒரு பார்ட்டியில நடந்ததால வயித்தில பிள்ளை எண்டு நிக்கிறா. "இட்ஸ் லேட்" எண்ட எபிசோட், சர்வதேச எம்மி வாங்கினது. அவ பிள்ளையைப் பெறுறா, வச்சு வளக்கிறா, பள்ளிக்கூடம் இழுபறி, பிள்ளையின்ர தகப்பன் பெடியன் வேற ஒரு பக்கத்தால சீரழிஞ்சு போறான். சரி கதை முடிஞ்சுது எண்டு பாத்தா, 2001ல எழுதுற ஆக்கள் கணக்குப் பாத்திருக்கினம், அந்தக் குழந்தை எம்மா இப்ப ஜூனியர் ஹை போற வயசெண்டு. அவவைத்தான் புது நாடகத்தின்ர நடுவில வச்சவை! முதல் எபிசோட்டே எம்மா இன்டர்நெட்டில தன்ர வயசுப் பெடியன் எண்டு நம்பி ஒரு வளந்த ஆம்பிளையோட கதைச்சு, அவனைப் போய்ச் சந்திக்கிறது. ஸ்பைக்கும் அதே நடிகைதான், அமாண்டா ஸ்டெப்டோ, இப்ப தாயா. பழைய நாடகத்தில நெட்டையா, வெக்கப்பட்டுக்கொண்டு திரிஞ்ச ஸ்னேக் இதில ரீச்சர், ஸ்பைக்கைக் கலியாணம் கட்டுறார், பிறகு பிரின்சிபலாயும் வாறார். ஒரே ஆள், முகம் மட்டும் வயசு போகுது.

வீல்ஸ் எண்டு ஒரு பெடியன். ஜூனியர் ஹையில அவன்ர தாய் தகப்பனை குடிவெறியில கார் ஓடின ஒருத்தன் அடிச்சுக் கொன்று போடுறான். அதுக்குப் பிறகு பெடியன் சரிவரவே இல்லை, ஆர் வீட்டிலயும் நிலைக்கேல்ல, களவு, பொய். 1992ல ஸ்கூல்ஸ் அவுட் எண்டு ஒரு படத்தோட முடிச்சவை. அதில வீல்ஸ் தானே குடிவெறியில கார் ஓடி ஒரு சின்னப் பிள்ளையைக் கொன்று போட்டு ஜெயிலுக்குப் போறான். சின்னப் பிள்ளையளுக்கான நாடகத்தில இப்பிடியொரு முடிவை ஆர் வைப்பினம் சொல்லுங்கோ.

பிறகு 2004ல வந்த "ரைம் ஸ்டான்ட்ஸ் ஸ்டில்". ரிக் எண்டவன் முதல் தன்ர கேர்ள்ஃபிரண்டை அடிச்சு அவ கோமாவில கிடந்தவ, அதால அவன் திரும்பிப் பள்ளிக்கூடம் வரேக்க முழுப் பேரும் அவனை ஒதுக்கி வதைக்கினம். ஒரு வினாவிடைப் போட்டி மேடையில அவன்ர தலையில பெயின்டும் இறகும் கொட்டுறாங்கள். அவன் வீட்ட போய் துவக்கோட வாறான். ஜிம்மிக்கு முதுகில வெடி. உவன் பாவமோ பாவியோ எண்டு உங்களால முடிவெடுக்க ஏலாத மாதிரித்தான் எழுதியிருப்பினம். ஜிம்மி அண்டைக்கு வீல்சேர்ல இருந்தவன் சீசன் கணக்கா வீல்சேர்தான், பள்ளிக்கூடம் முடிக்கும் வரைக்கும் அதுதான் அவன்ர கதை. ஜிம்மியில பழியைப் போட்டு ரிக்கை ஏத்திவிட்ட ஸ்பின்னர் அவன்ர நெருங்கின கூட்டாளி. அது வெளியில வந்தாப் பிறகு அவனைப் பள்ளிக்கூடத்தால கலைச்சு, கூட்டாளியள் ஒருத்தரும் முகம் குடுக்காமல் கனகாலம் திரியிறான்.

நெளியிறதெண்டா, கொஞ்சம் நெளிவீங்கள்தான், பதினாலு வயசு மானி கருவைக் கலைக்கிற கதை இருக்கு, எல்லி கையை வெட்டிக்கொள்ளுற கதை இருக்கு. ஆனா உடம்பைக் காட்டுறதுக்கெண்டு ஒண்டும் இராது. மானியின்ர எபிசோட்டை இஞ்ச 2004 ஜனவரியில போட்டவை, அமெரிக்காவில இதை ஒளிபரப்பின சேனல் 2006 வரைக்கும் போடாமல் வச்சிருந்தவை.

கடுப்பு_கந்தசாமி:

டெக்ராஸிக்கு இவ்ளோ பில்டப்பா. நானும் பாத்திருக்கேன், யூஎஸ்ல படிக்கும்போது ரூம்மேட் ஒருத்தன் அத போட்டே சாகடிச்சான். முதல்ல நடிப்பு, நிஜ வயசு பசங்கள போட்டா நிஜமா நடிக்கத் தெரியாத பசங்களும் வருவாங்க, முதல் சீசன்லாம் ஸ்கூல் ஆண்டு விழா டிராமா பாக்குற ஃபீல்தான். ரெண்டாவது, வாரத்துக்கு ஒரு பிரச்சனை. இந்த வாரம் போதை மாத்திரை, அடுத்த வாரம் வீட்ல அடி, அதுக்கடுத்த வாரம் டேட் ரேப், ஒரே ஸ்கூல்ல துப்பாக்கிச் சூடு, கத்திக்குத்து, தற்கொலை எல்லாம். அந்த பில்டிங்குக்கு முதல்ல ஒரு கணபதி ஹோமம் பண்ணுங்கப்பா. ஜே.டி.ங்கற பையன ஒரு பார்ட்டிக்கு வெளிய கத்தியால குத்திருவாங்க, காமெடி பண்ணிட்டு இருந்த பையன், எதுக்குனே புரியல, டிஆர்பி கொறஞ்சிருச்சு போல.

சித்தி, என் ரெகமண்டேஷன் மை சோ கால்டு லைஃப். 1994ல அமெரிக்காவுல ஏபிசி சேனல்ல வந்துச்சு, மொத்தமே 19 எபிசோட், ஒரே சீசன்ல இழுத்து மூடிட்டானுங்க. கிளேர் டேன்ஸ் அப்ப நிஜமாவே 15 வயசு, பதினஞ்சு வயசு ஏஞ்சலாவா நடிச்சிருக்கும், அதுக்கு கோல்டன் குளோப் வேற வாங்குச்சு. இதுல பெருசா ஒன்னும் நடக்காது, முடிக்கு செவப்பு கலர் அடிச்சிக்கிட்டதுக்கு அம்மா மூஞ்சி மாறுறதுதான் முதல் எபிசோடுல பெரிய சம்பவம். ஆனா ரேயன்னுங்கற ஃபிரண்டு ஒரு பார்ட்டில ஓவர்டோஸ் ஆகிக் கெடக்கும்போது ஏஞ்சலா கூப்புடுறது அம்மாவத்தான், அந்தம்மா வந்து நிக்கிற விதம் இருக்கே. ரிக்கினு ஒரு பையன், வீட்ல அடிச்சு வெளிய தள்ளி கிறிஸ்துமஸ் டைம்ல தெருவுல நிப்பான், கடைசில இங்கிலீஷ் வாத்தியார் ஒருத்தர் வீட்ல சேத்துப்பாரு. அத நடிச்ச வில்சன் குரூஸ் தன் வாழ்க்கைலயும் அந்த மாதிரி வீட்ட விட்டு வெளிய போன ஆளு.

அம்மா அப்பாவுக்கும் கதை உண்டு இதுல. டீன் ஷோல பெத்தவங்கனா ஒன்னு குடிகாரன் இல்லனா ஊர்லயே இல்ல, இதுல அவங்களும் மனுஷங்க. சித்தியும் பொண்ணும் சேந்து பாக்குறதுக்கு இதுதான் செட் ஆகும், 385 எபிசோட் பாத்து முடிக்கறதுக்குள்ள பொண்ணு காலேஜே முடிச்சிரும்.

ஸ்காபரோ_சுகந்தி:

கந்தசாமி அண்ணை, மை சோ கால்ட் லைஃப் நல்ல நாடகம்தான், மறுக்கேல்ல, ஆனா அது முடியாமல் அந்தரத்தில நிண்டு போச்சுதெல்லோ. ஏஞ்சலா தான் விரும்புற ஜோர்டனின்ர காரில ஏறிப் போறா, அவன் எழுதின எண்டு நினைச்ச கடிதத்தை உண்மையில எழுதினது பக்கத்து வீட்டு பிரயன், அதோட சரி. பதினாறு வயசுப் பிள்ளைக்கு அதைக் காட்டினா மிச்சம் எங்க எண்டு உங்களைத்தான் பிடிக்கும்.

வாரத்துக்கு ஒரு பிரச்சினை எண்டது உண்மை, பிந்தின சீசன்களில கண்டபடி கூட்டிப்போட்டினம். அதுக்காக கிரெய்க்கின்ர கதையையும் அதுக்குள்ள போடாதேங்கோ. ரெண்டாம் சீசன்ல வாறான், தகப்பன் பெரிய சேர்ஜன், வெளியில மரியாதை, வீட்டுக்குள்ள பிள்ளைக்கு அடி. அவனை எடுத்து வளக்கிறது ஜோயி, பழைய நாடகத்தில தொப்பியும் போட்டு வகுப்பில பகிடி விட்டுக்கொண்டு திரிஞ்ச அதே ஜோயி. நாலாம் சீசன்ல கிரெய்க்குக்கு பைபோலர் எண்ட மனநோய் எண்டு தெரியவருது, அதுக்கு முன்னம் அவன் ஒரு ஆவேசத்தில ஜோயிக்கே அடிக்கிறான். தகப்பனிட்ட அடி வாங்கின பெடியன் தன்னை வளத்தவனுக்கு அடிக்கிறதை ஒரு வார நாடகமெண்டு எனக்குச் சொல்ல ஏலாது.

எனக்கும் ஒரு கோவம் இருக்கு, சொல்லுறன். 2008 போல பண்டாரி எண்டு ஒரு குடும்பத்தைக் கொண்டு வந்தவை, சாவ் எண்டு அண்ணன், அலி எண்டு தங்கச்சி. பெடியனுக்கு வீட்டில பேசி வச்ச பொம்பிளை, பெட்டைக்குக் கட்டுப்பாடு, ஒளிச்சு உடுப்பு மாத்துறது. எங்கட பிள்ளையளுக்கு நடக்காத கதையில்லை, ஆனா தாய் தகப்பன் எண்டா "இல்லை" எண்டு சொல்லுற ரெண்டு பேர், அவ்வளவுதான் எழுதியிருந்தவை. வெள்ளைக்காரப் பெற்றோருக்கு முப்பது வருசக் கதை எழுதத் தெரிஞ்ச ஆக்களுக்கு இது ஏன் வரேல்ல.

மரத்தடி_டீச்சர்:

நான் ஒரு ஸ்கூல்ல கவுன்சிலரா இருக்கேன், அதனால வேற ஒரு பக்கத்துல இருந்து சொல்றேன். இந்த த்ரெட்ல யாரும் 13 ரீசன்ஸ் வொய் பேரச் சொல்லல, ஆனா உங்க பொண்ணோட ஃபோன்ல அடுத்து வந்து நிக்கப் போறது அதுதான், அல்காரிதம் அப்படி. 2017 மார்ச்ல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்தப்ப என்கிட்ட வந்து பேசுன பசங்கள்ல நெறைய பேரு அத பாத்திருந்தாங்க. ஹேனாங்கற பொண்ணு தற்கொலை பண்ணிக்கிட்டு, யார் யாரு காரணம்னு கேசட்ல பதிவு பண்ணி அனுப்பி வெச்சிருப்பா, அதுதான் கதை. அதுல ரெண்டு விஷயம் எனக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது. அந்த சாவ எப்படின்னு நேரா காமிச்சாங்க, உலகம் பூரா மனநல டாக்டருங்க கத்தி ரெண்டு வருஷம் கழிச்சு 2019 ஜூலைலதான் அந்த சீன வெட்டுனாங்க. அத விட மோசம், செத்த பிறகு எல்லாரும் நம்மள புரிஞ்சுப்பாங்க, அழுவாங்க, பழி வாங்கிரலாம்ங்கற மாதிரி ஒரு நெனைப்ப அது வெதைக்குது. செத்துப் போன பொண்ணு கதைல முக்கால்வாசி நேரம் பேசிக்கிட்டே இருக்கா, அப்ப சாவுனா என்னன்னு பசங்களுக்கு எப்படிப் புரியும்.

சுகந்தி சொன்ன டெக்ராஸில 2013ல ஒரு எபிசோட் இருக்கு, கேம்னு ஒரு ஹாக்கி ஆடுற சின்னப் பையன், ரொம்ப பிரஷர், யார்கிட்டயும் வாய விட்டு சொல்ல மாட்டான். அவன் இறந்து போறத காட்ட மாட்டாங்க. ஈலைங்கற பையன் ஸ்கூல் கிரீன்ஹவுஸ் கதவ தொறக்கறான், நாம பாக்கறது ஈலையோட மொகத்த. அப்புறம் கேம் வரவே மாட்டான், அவ்ளோதான், குரல் கேக்காது, லெட்டர் வராது. அவனோட கேர்ள்ஃபிரண்டு மாயா கோபப்படறா, பார்ட்டினு போறா, அவன்கிட்ட கடைசியா மோசமா பேசுன ஜிக் ராத்திரி தூங்க முடியாம கெடக்கான். மாயாவுக்கு அந்த அடி அடுத்த சீரிஸ் வரைக்கும் ஆறல. கந்தசாமி வாரம் ஒரு பிரச்சனைங்கறாரு, இது சீசன் கணக்கா போகுது. ஒரே மாதிரி சம்பவம்தான், எடுக்கற விதத்துல எவ்ளோ வித்தியாசம்னு எங்க டீச்சர் ட்ரெயினிங்ல நான் இத வெச்சுதான் பேசுவேன்.

சித்தி, நீங்க பக்கத்துல உக்காந்து பாக்கறேன்னு சொன்னீங்களே, அதுக்கே பாதி வேலை முடிஞ்சிருச்சு. ஒரே ஒரு விஷயம், எபிசோட் ஓடும்போது நடுவுல நிறுத்தி "உன் கிளாஸ்ல இப்படி யாராச்சும் இருக்காங்களாடி"னு கேக்காதீங்க, அடுத்த நாள்லருந்து உங்க கூட பாக்க மாட்டா. முடிஞ்ச பிறகு அவளா பேசுனா காது குடுங்க, பேசலனாலும் விடுங்க. எப்பவாச்சும் அவளோ அவ ஃபிரண்டோ நெஜமாவே தாங்க முடியாத நெலமைல இருந்தா டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல ஹெல்ப்லைன் 14416, தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.

லேபிரிந்த்_வெறியன்:

டீச்சர் சொன்ன அந்த கிரீன்ஹவுஸ் சீன யூடியூப்ல பாத்துட்டு வந்தேன். சரி, டெக்ராஸிக்கு ஒரு ஓட்டு. ஆனா லைட்டிங் ரொம்ப மோசம்பா, ரேஷன் ஆபீஸ் ட்யூப் லைட்ட கழட்டி மாட்டுன மாதிரி இருக்கு. யூஃபோரியா ரெண்டாவது சீசன கோடாக் எக்டாக்ரோம் ஃபிலிம்ல எடுத்தாங்க தெரியுமா, அதுக்காகவே கோடாக் அந்த ரோல திரும்ப தயார் பண்ணிக் குடுத்துச்சு.

கடுப்பு_கந்தசாமி:

தம்பி பள்ளிக்கூடம்னா ட்யூப் லைட்டுதான் எரியும்.

சிங்காநல்லூர்_சித்தி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, நாலு பேரு ஃபோன புடுங்குனு சொல்லுவாங்கனு நெனச்சேன், ஒருத்தர் கூட சொல்லல. லேபிரிந்த் தம்பி, அந்த அஞ்சாவது எபிசோட் நான் மட்டும் ராத்திரி தனியா பாத்தேன், அந்தம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு அழறப்ப எனக்கு அக்கா ஞாபகம்தான். நீ சொன்னது சரிதான்ப்பா, ஆனாலும் அவளுக்கு இப்ப வேண்டாம், அவ ஏற்கனவே பாத்திருப்பா, அது வேற விஷயம்.

சுகந்தி அக்கா, ட்ரேக் ஸ்கூல் பையனா நடிச்ச சீரியல்னு சொன்னதும் இவ ஹெட்ஃபோன கழட்டிட்டு எந்திரிச்சு உக்காந்துட்டா! இப்ப எங்கிருந்து ஆரம்பிக்கறதுனு சொல்லுங்க. 1987ல இருந்தே போகோணுமா, இல்ல நேரா 2001ஆ? கந்தசாமி அண்ணன் முதல் சீசன் ஆண்டு விழா டிராமாங்கறாரு, அத தாண்டிட்டா கதை புரியுமா?

ஸ்காபரோ_சுகந்தி:

நேர 2001 நெக்ஸ்ட் ஜெனரேஷனுக்குப் போங்கோ. பழசை இப்ப போட்டா உங்கட பிள்ளை உடுப்பையும் தலைமயிரையும் பாத்தே சிரிச்சு எழும்பிப் போயிடுவா, பிறகு தானாத் தேடிப் பாப்பா. முதல் சீசன்ல எம்மாவின்ர அந்த முதல் ரெண்டு பாகத்தையும் கட்டாயம் பாருங்கோ, பழைய ஆக்கள் கனபேர் ரீயூனியனுக்கு வாறது அதிலதான், மிச்சத்தை ஓட்டி ஓட்டிப் பாக்கலாம், அதில கந்தசாமி அண்ணை சொல்லுறது பிழையில்லை. ரெண்டாம் சீசன்ல கிரெய்க் வாறதில இருந்து விடாமல் பாருங்கோ. நாலாம் சீசனைத் தனியா எடுத்துப் பாக்க வேண்டாம், ஜிம்மியையும் ஸ்பின்னரையும் முதலே பழகியிருந்தாத்தான் அந்த வெடி உங்களுக்கும் நோகும். ஏழாம் சீசனோட முதல் செட் பிள்ளையள் கனபேர் பள்ளிக்கூடம் முடிச்சுப் போயிடுவினம், அங்க நிப்பாட்டினாலும் பரவாயில்லை. டீச்சர் சொன்ன கேமின்ர கதை பன்ரெண்டாம் சீசன், அதுக்குப் பிள்ளையள் எல்லாம் வேற, அதைப் பிறகு பாப்பம்.

யூடியூப்பில டெக்ராஸியின்ர சொந்தச் சேனலிலயே கனக்கக் கிடக்கு, காசு குடுத்துப் பாக்க முன்னம் அங்க ஒருக்காத் தேடிப் பாருங்கோ. எபிசோட் பேர் கனக்க பழைய பாட்டுகளின்ர பேர், அதால தேடேக்க பாட்டுத்தான் முதல் வரும், பக்கத்தில டெக்ராஸி எண்டு சேத்து அடியுங்கோ.

நைட்ஷிப்ட்_நாகு:

ட்ரேக் வீல்சேர்ல இருக்கற மீம் இவ்ளோ நாளா ஏதோ எடிட்டுனு நெனச்சுட்டு இருந்தேன். லிங்க் போடுங்கப்பா யாராச்சும்.